மேற்கத்திய செவ்விசையில் வெள்ளையரல்லாத கலைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி மேற்கத்திய இசை கேட்கிறோம். சங்கம், சந்தா எதுவும் கிடையாது. சுண்டலும் காபியும் உண்டு. சில மாதங்களுக்கு முன் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாடிய பழைய பதிவுகளைப் போட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த கேள்விகள் இன்னும் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்பதால் பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். நான் இசை அறிஞன் இல்லை. ரொம்ப வருஷமாகக் கேட்கிறவன், கேட்டதைப் பற்றித் தேடிப் படிக்கிறவன், அவ்வளவுதான்.

செவ்விசை என்று எதைச் சொல்கிறீர்கள்? வெள்ளையரல்லாதவர் என்றால் யார் யார்?

இங்கே செவ்விசை என்றால் பாக், மொட்சார்ட், பீத்தோவன் வழியில் வந்த ஐரோப்பிய இசை. கர்நாடக சங்கீதத்தைச் சொல்லவில்லை. கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீன் அமெரிக்கர் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு. அதை அப்படியே தமிழாக்கினால் 'நிறமுள்ளவர்கள்' என்று வரும், மற்றவர்களெல்லாம் என்னவோ நிறமே இல்லாதவர்கள் மாதிரி. அதனால் வெள்ளையரல்லாதவர் என்றே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி கறுப்பினக் கலைஞர்களைப் பற்றித்தான் இருக்கும். கதவு அதிகம் சாத்தப்பட்டது அவர்கள் முகத்தில்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் கோலோடு நிற்பவரைக் 'கண்டக்டர்' என்றாலும் 'நடத்துநர்' என்றாலும் நமக்கு விசில் ஊதி டிக்கெட் கொடுப்பவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். வேறு வழியில்லை, கண்டக்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

பீத்தோவன் காலத்தில் ஐரோப்பாவில் கறுப்பினக் கலைஞர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். பீத்தோவன் பக்கத்திலேயே இருந்தார்கள்.

முதலில் ஜோசப் போலோன், ஷெவாலியே த சான்-ஜார்ஜ். 1745-இல் கரீபியக் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில், ஒரு பிரெஞ்சுத் தோட்ட முதலாளிக்கும் நானோன் என்ற அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். சிறு வயதில் பாரிஸுக்கு வந்தார். வாள்வீச்சில் பெயர் எடுத்தார், பிறகு வயலினில். அவர் தலைமை தாங்கிய ஆர்கெஸ்ட்ரா பாரிஸிலேயே சிறந்தது என்று பேசப்பட்டது. இசையமைப்பாளர் ஹைடனின் 'பாரிஸ் சிம்பொனிகள்' (சிம்பொனி என்றால் ஆர்கெஸ்ட்ராவுக்கான நீண்ட படைப்பு) ஆறும் சான்-ஜார்ஜ் தலைமையில் இயங்கிய அமைப்புக்காக எழுதப்பட்டவை.

1776-இல் பாரிஸ் ஓபராவின் (ஓபரா என்றால் பாட்டாலேயே நடக்கும் நாடகம்) இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. உடனே அங்கே இருந்த பிரபலப் பாடகிகளும் நடனக்காரிகளும் அரசிக்கு மனு எழுதினார்கள். ஒரு கலப்பினத்தவனின் உத்தரவுக்குக் கீழ்ப்படியத் தங்கள் கௌரவம் இடம் தரவில்லை என்பதுதான் மனுவின் சாரம். பதவி கிடைக்கவில்லை. அவருக்கு ஸ்வரம் சரியில்லை, லயம் சரியில்லை என்று அந்த மனுவில் ஒரு வார்த்தை இருந்ததாக நான் படித்ததில்லை. கீழே வரும் கதைகளிலும் இதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்தவர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். அப்பாவின் பூர்வீகம் மேற்கிந்தியத் தீவுகள், அம்மா ஐரோப்பியர். சிறுவனாகவே பாரிஸிலும் லண்டனிலும் வயலின் கச்சேரி செய்தவர். 1803-இல் வியன்னாவுக்குப் போய் பீத்தோவனோடு சிநேகமானார். இருவரும் சேர்ந்து வாசிக்க பீத்தோவன் ஒரு சொனாட்டா, அதாவது வயலினுக்கும் பியானோவுக்குமான பல பகுதிப் படைப்பு, எழுதத் தொடங்கினார். மே 24, ஆகார்ட்டன் பூங்கா அரங்கு, காலை எட்டு மணிக் கச்சேரி. பீத்தோவனோ கடைசி நிமிஷம் வரை எழுதிக்கொண்டிருந்தார். விடியும் முன்பே சீடர் ரீஸை எழுப்பி, வயலின் பகுதியைப் பிரதி எடுக்கச் சொன்னார். முழுவதையும் எடுக்க நேரமில்லை. இரண்டாம் பகுதியை பீத்தோவனின் கோழிக்கிறுக்கலைப் பார்த்தே பிரிட்ஜ்டவர் வாசிக்க வேண்டியதாயிற்று. அதையும் வாசித்தார்.

கையெழுத்துப் பிரதியில் பீத்தோவன் விளையாட்டாக அவர் பெயரைத்தான் எழுதியிருந்தார். பிறகு இருவருக்கும் மனஸ்தாபம். ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சுதான் காரணம் என்று பிரிட்ஜ்டவரே பின்னாளில் சொன்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது. சொனாட்டா அச்சில் வந்தபோது சமர்ப்பணம் ரொடால்ஃப் க்ராய்ட்ஸர் என்ற பிரெஞ்சு வயலின்காரருக்குப் போய்விட்டது. அந்த மனிதர் அதை மேடையில் வாசிக்கவே இல்லை. ஆனாலும் இருநூறு வருஷமாக அது 'க்ராய்ட்ஸர் சொனாட்டா'தான். முதலில் வாசித்தவர் அடிக்குறிப்பாகிவிட்டார். இதில் நிறவெறி எதுவும் இல்லை, வெறும் சண்டை என்று வாதிடலாம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்த அடிக்குறிப்பைப் புரட்டிப் பார்க்க உலகத்துக்கு இத்தனை நாள் ஆனது ஏன் என்பது வேறு கேள்வி.

பீத்தோவனே கறுப்பினத்தவர் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே?

நம்பும்படியான ஆதாரம் இல்லை. ஃபார்வர்டு செய்யாதீர்கள். நிஜமாகவே இருந்த பிரிட்ஜ்டவரைத் தெரிந்துகொள்ளாமல் பீத்தோவனுக்குச் சாயம் பூசுவானேன்?

மரியன் ஆண்டர்சனுக்கு அரங்கம் மறுத்தது யார்? முழுக் கதையையும் சொல்லுங்கள்.

1897-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். சர்ச் பாடகர் குழுவில் ஆரம்பம். இளம் வயதில் உள்ளூர் இசைப்பள்ளி ஒன்றில் சேரப் போய் வரிசையில் நின்றார். பின்னால் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டு முடித்த பிறகு, கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று கவுன்டரில் இருந்த பெண் சொல்லி அனுப்பினாள். அவர் குரலை அங்கே யாரும் கேட்கக்கூட இல்லை.

1930-களில் ஐரோப்பா முழுவதும் பாடினார். பின்லாந்தில் இசையமைப்பாளர் சிபேலியுஸ் வீட்டில் பாடினார். இப்படியொரு குரல் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் கேட்கக் கிடைக்கும் என்று புகழ்பெற்ற கண்டக்டர் தொஸ்கனினி சொன்னது 1935-இல், சால்ஸ்பர்கில். இவ்வளவு புகழோடு அமெரிக்கா திரும்பியவருக்கு ஹோட்டலில் அறை கிடைப்பது பிரச்சினை. 1937-இல் பிரின்ஸ்டனில் பாடப் போனபோது விடுதியில் இடமில்லை என்றார்கள். ஊரில் குடியிருந்த ஒருவர் தன் வீட்டில் தங்கவைத்தார். அவர் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

1939-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகம் வாஷிங்டனில் அவருக்குக் கச்சேரி ஏற்பாடு செய்தது. பெரிய அரங்கம் என்றால் கான்ஸ்டிட்யூஷன் ஹால். அதன் சொந்தக்காரர்கள் 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' என்ற பெண்கள் அமைப்பு. அவர்கள் வாடகை ஒப்பந்தத்தில், மேடையேறுவோர் வெள்ளையராக மட்டுமே இருக்க வேண்டும் என்று விதியே இருந்தது. அரங்கம் மறுக்கப்பட்டது. ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அந்த அமைப்பிலிருந்து விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு அன்று லிங்கன் நினைவிடப் படிகளில் கச்சேரி நடந்தது.

அன்றைய படச்சுருளை நாங்கள் ஹாலில் பார்த்தோம். நல்ல குளிர். உரோமக் கோட்டைப் போர்த்திக்கொண்டு மைக்குகளுக்கு முன்னால் நிற்கிறார். பின்னால் பிரமாண்டமான லிங்கன் சிலை, முன்னால் 75,000 பேர். முதல் பாட்டு அமெரிக்க தேசபக்திப் பாடல். அதில் 'உன்னை நான் பாடுகிறேன்' என்று வரும் இடத்தை 'நாங்கள் பாடுகிறோம்' என்று மாற்றிப் பாடினார். கோபம் இல்லை, கை ஆட்டல் இல்லை. கண்ணை மூடிக்கொள்கிறார், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு எங்கள் குழுவில் ஒரு பாட்டி கேட்டார்: 'இவ்வளவு கூட்டத்துக்கு முன்னாடி இவ்வளவு அமைதியா எப்படிப்பா நிக்கறா?'

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாட அவருக்கு அழைப்பு வந்து மேடையேறியது 1955 ஜனவரி 7. வெர்டியின் ஓபராவில் உல்ரிகா என்ற குறிசொல்பவள் வேஷம். அந்த அரங்கில் முக்கிய வேஷம் ஏற்ற முதல் கறுப்பினப் பாடகி அவர்தான். அப்போது வயது 57. பாட்டுக்காரர்கள் ஓய்வு பற்றி யோசிக்கும் வயது. இதைச் சாதனை என்று கொண்டாடுவார்கள். எனக்கு அந்தத் தேதியைப் பார்த்தால் முதலில் வருவது எரிச்சல்தான். குரல் உச்சத்தில் இருந்த இருபது வருஷம் எங்கே போயிற்று? இரண்டு ஆண்டு கழித்து, 1957-இல், அமெரிக்க அரசு அவரை நல்லெண்ணத் தூதராக இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது.

பலர் ஐரோப்பாவுக்குப் போனது ஏன்? அங்கே நிறவெறி இல்லையா?

இருந்தது. ஆனால் வேலையும் இருந்தது. ஜெர்மனியில் இன்றும் அரசுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் எண்பதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் சம்பளப் பாடகர்கள் வேண்டும். ஒரு கதவு மூடினால் அடுத்த ஊருக்கு ரயில் ஏறலாம்.

1924-இல் அமெரிக்கக் கறுப்பின டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடகர் ரோலண்ட் ஹேய்ஸ் பெர்லினில் மேடையேறியபோது கூட்டம் உஸ் உஸ் என்று சீறியது. முதல் உலகப் போர் முடிந்து பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்க வீரர்கள் ஜெர்மன் மண்ணில் நின்றிருந்த காலம், ஊரில் அந்தக் கடுப்பு. ஹேய்ஸ் பேசவில்லை. பியானோவின் வளைவில் அசையாமல் நின்றார். சத்தம் தானாக அடங்கும்வரை நின்றார். பிறகு ஷூபெர்ட்டின் 'நீயே அமைதி' என்று தொடங்கும் பாட்டை, மூச்சுவிடும் அளவுக்கு மெல்ல எடுத்தார். ஜெர்மன் மொழியில், அவர்கள் பாட்டை, அவர்களைவிட நன்றாக. முடிவில் அதே கூட்டம் கைதட்டியது. தப்பாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஒரு வெள்ளைப் பாடகர் இப்படியொரு பரீட்சை எழுத வேண்டியதில்லையே.

கண்டக்டர்களுக்கு இன்னும் கஷ்டம், அது நூறு பேருக்கு உத்தரவு போடும் வேலை. டீன் டிக்ஸன் நியூயார்க்கில் பிறந்த கறுப்பினக் கண்டக்டர். 1941-லேயே நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் கோடைக் கச்சேரியை நடத்தியவர். நிரந்தர வேலை மட்டும் கிடைக்கவில்லை. 1949-இல் கிளம்பினார். ஸ்வீடனில் கோத்தன்பர்க், ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட் ரேடியோ, ஆஸ்திரேலியாவில் சிட்னி என்று ஆர்கெஸ்ட்ராக்களுக்குத் தலைமை வகித்தார். சொந்த ஊர் மறுபடி அழைத்தது 1970-இல். தன் வளர்ச்சியை அவர் மூன்று படியாகச் சொல்வாராம்: முதலில் 'கறுப்பின அமெரிக்கக் கண்டக்டர் டீன் டிக்ஸன்' என்றார்கள், அப்புறம் 'அமெரிக்கக் கண்டக்டர்', கடைசியில் வெறும் 'கண்டக்டர்'.

பாடகி க்ரேஸ் பம்ப்ரி கதையும் உண்டு. செயின்ட் லூயிஸில் ரேடியோ போட்டியில் ஜெயித்தார். பரிசாக இசைப்பள்ளியில் இடம் என்றார்கள். கறுப்பினப் பெண் என்றதும் பள்ளி மறுத்தது. 1961-இல், 24 வயதில், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களுக்காகவே நடக்கும் பேராத் விழாவில், வாக்னரின் பேரன் வீலாண்ட் அவரை வீனஸ் தேவதையாக மேடையேற்றினார். வாக்னர் தூய்மைவாதிகள் கொதித்தார்கள், எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. முதல் இரவு முடிந்தபோது 42 முறை திரையை விலக்கி வணக்கம் சொல்ல வேண்டியிருந்ததாம்.

ஆடிஷனில் திரை போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்ததுதானே?

எங்கள் குழுவின் என்ஜினீயர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது.

முறை எளிது. வாசிப்பவருக்கும் தேர்வுக் குழுவுக்கும் நடுவே திரை. பெயர் இல்லை, நம்பர்தான். செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும் என்பதால் தரையில் கம்பளம், சில இடங்களில் காலணியைக் கழற்றச் சொல்வதும் உண்டு. 1952-லேயே பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா திரையை முயன்று பார்த்தது. 1970-களுக்குப் பிறகு அமெரிக்காவில் பரவியது. பெண்களின் எண்ணிக்கை நன்றாகவே கூடியது.

கறுப்பினத்தவர் எண்ணிக்கை? அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களின் கூட்டமைப்பு எடுத்த கணக்கில் 2014-இல் 1.8 சதவீதம். 2023-இல் 2.4. அமெரிக்க மக்களில் அவர்கள் சுமார் 13 சதவீதம்.

ஏன் என்றால், திரைக்கு முன்னாலும் பின்னாலும் நடப்பவை நிறைய. 1969-இல் ஆர்ட் டேவிஸ் என்ற டபுள் பேஸ் (வயலின் குடும்பத்திலேயே பெரிய வாத்தியம்) கலைஞரும் ஏர்ல் மேடிசன் என்ற செல்லோ கலைஞரும், இருவரும் கறுப்பினத்தவர், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் மீது மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். மறு வருஷம் வந்த தீர்ப்பு விசித்திரமானது. நிரந்தர வேலைக்கான தேர்வில் பாரபட்சம் நிரூபணமாகவில்லை, ஆனால் தற்காலிக ஆள் வைப்பதில் பாரபட்சம் உண்டு என்றது. ஒருவருக்கு ஜுரம் என்றால் அன்றிரவு யாரைக் கூப்பிடுவது? போனில் யார் நம்பர் இருக்கிறதோ அவரை. வாத்தியாரின் சிஷ்யன், கூடப் படித்தவன். அந்த வட்டத்துக்குள் கறுப்பினத்தவர் இல்லை. தற்காலிகமாகப் பத்து முறை வாசித்தவருக்குத்தான் அந்தக் குழுவின் பழக்கவழக்கம் பிடிபடும், ஆடிஷனிலும் அது கைகொடுக்கும். புகார் கொடுத்த பிறகு ஆர்ட் டேவிஸுக்கு வேலைகள் வற்றின. அவர் படிக்கப் போய், 1981-இல் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, அந்தத் தொழிலையும் பார்த்தார். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த கை அது.

அந்த ஆர்கெஸ்ட்ராவில் முதல் கறுப்பின நிரந்தர உறுப்பினர் வயலின் கலைஞர் சான்ஃபர்ட் ஆலன், 1962-இல் சேர்ந்தார், 1977-இல் விலகினார். அங்கே ஒரு வாத்தியப் பிரிவுக்குத் தலைவராக முதல் கறுப்பினத்தவர் வந்தது 2014-இல், கிளாரினெட் கலைஞர் ஆன்டனி மெக்கில்.

எதிர்த்திசையிலும் ஒரு கதை. 1989-இல், கறுப்பினத்தவரைப் போதிய அளவு சேர்க்கவில்லை என்று, டெட்ராய்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு அரசு உதவியை நிறுத்திவிடுவோம் என்று கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர்கள் எச்சரித்தார்கள். ஆர்கெஸ்ட்ரா அவசரமாகத் திரை ஆடிஷனை ஒதுக்கிவிட்டு ரிச்சர்ட் ராபின்சன் என்ற கறுப்பின டபுள் பேஸ் கலைஞரை எடுத்தது. ஏற்கெனவே அங்கே தற்காலிகமாக வாசித்துக்கொண்டிருந்த, திறமையில் குறைவில்லாத ஆள். எல்லோரையும் போல ஆடிஷன் கொடுத்தே வந்திருக்க விரும்பியதாக அவர் சொன்னார். அந்த மனிதரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. திரை இருந்தால் உள்ளே போக முடியாது, திரை இல்லாமல் போனால் 'சலுகை' என்ற பேச்சு.

காசு எவ்வளவு பெரிய தடை?

மிகப் பெரியது. இந்த இசையை ஐந்தாறு வயதில் தொடங்க வேண்டும், வாரா வாரம் தனிப்பட்ட வாத்தியார், வளர வளர புது அளவில் வயலின். தொழில்முறை வயலின் ஒன்று வீடு வாங்கும் விலைக்குப் போகும். ஆடிஷனுக்கு ஊர் ஊராகச் சொந்தச் செலவில் பறக்க வேண்டும், செல்லோ என்றால் அதற்கும் ஒரு சீட்டு. தலைமுறை தலைமுறையாகச் சொத்து சேர்க்க விடாமல் தடுக்கப்பட்ட குடும்பங்களில் இது எங்கிருந்து வரும்?

1997-இல் ஆரன் டுவர்கின் என்ற வயலின் கலைஞர் மிச்சிகனில் ஸ்ஃபின்க்ஸ் அமைப்பைத் தொடங்கினார். கறுப்பின, லத்தீன் பிள்ளைகளுக்குப் போட்டி, பயிற்சி, வாத்தியம், ஆடிஷன் செலவு எல்லாவற்றையும் கவனிக்கிறது. திரையைவிட இதுதான் உருப்படியான வேலை என்பது என் கட்சி. லண்டனில் டபுள் பேஸ் கலைஞர் சி-சி ந்வனோக்கு 2015-இல் சினெகே என்ற ஆர்கெஸ்ட்ராவை ஆரம்பித்தார். மேடை முழுக்கக் கறுப்பின, பல்லினக் கலைஞர்கள். மறு வருஷம் பி.பி.சி. இளம் இசைக்கலைஞர் விருதை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் செல்லோ கலைஞர் ஷெகு கானே-மேசன். அவரும் அந்த ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர்தான்.

நைனா சைமனை நிறத்துக்காகத்தான் நிராகரித்தார்களா?

ஜாஸ் பாடகியாக நமக்குத் தெரிந்த அவர் ஆசைப்பட்டது பியானோவில் பாக் வாசிக்கத்தான். 1951-இல் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் கல்லூரி அவரைச் சேர்க்கவில்லை. நிறம்தான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். அதே கல்லூரியில் ஜார்ஜ் வாக்கர் என்ற கறுப்பினப் பியானோ கலைஞர் 1945-லேயே பட்டம் வாங்கியிருந்தார், பின்னாளில் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றவர். ஆகவே 'சேர்ப்பதே இல்லை' என்று சொல்ல முடியாது. அதற்காக அவர் சந்தேகம் வீண் என்றும் சொல்ல முடியாது. சிறுமியாக அவர் செய்த முதல் கச்சேரியில் பெற்றோரை முன்வரிசையிலிருந்து எழுப்பி வெள்ளையரை உட்காரவைத்தார்கள், பெற்றோர் திரும்ப முன்னால் வரும்வரை வாசிக்க மாட்டேன் என்றார் அந்தப் பெண். அப்படி வளர்ந்தவருக்கு எந்த 'இல்லை'யும் வெறும் 'இல்லை'யாகக் கேட்காது. கர்ட்டிஸ் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது 2003 ஏப்ரலில், அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு.

இசையமைப்பாளர்கள் யாராவது?

இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன்.

சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர், லண்டனில் 1875-இல் பிறந்தவர், அப்பா சியர்ரா லியோன்காரர். 1898-இல் இவர் எழுதிய 'ஹையவாத்தாவின் கல்யாண விருந்து' இங்கிலாந்து முழுக்கப் பாடப்பட்டது. பாடல் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. உரிமையை அவர் மொத்தமாக விற்றுவிட்டிருந்தார், 15 கினிக்கு (கினி, பழைய ஆங்கிலப் பணம்). 37 வயதில் நிமோனியாவில் இறந்தார், குடும்பம் திண்டாடியது. அந்த அநியாயம் பிரிட்டனில் பெரிதாகப் பேசப்பட்டது. 1914-இல் அங்கே ராயல்டி வசூல் சங்கம் உருவானதற்கு அதுவும் ஒரு தூண்டுதல். ராயல்டி என்றதும் உங்களுக்கு வேறொருவர் ஞாபகம் வந்தால் பொறுங்கள், அவரும் கீழே வருகிறார்.

ஃப்ளாரன்ஸ் பிரைஸ், 1887, ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக். 1933-இல் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய சிம்பொனியை ஒரு பெரிய அமெரிக்க ஆர்கெஸ்ட்ரா வாசித்தது அதுவே முதல் தடவை. வழக்கமாக ஸ்கெர்ட்ஸோ என்ற துள்ளலான பகுதி வரும் மூன்றாம் இடத்தில் 'ஜூபா' என்ற ஆட்டத்தை வைத்திருக்கிறார். அடிமைகளுக்கு மேளம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் தொடையையும் மார்பையும் தட்டித் தாளம் போட்டு ஆடிய ஆட்டம் அது. ஆர்கெஸ்ட்ரா அந்தத் தட்டலை வாசிப்பதைக் கேட்டால் உங்கள் விரல் தானாக நாற்காலியைத் தட்டும்.

1943-இல் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் கண்டக்டர் கூஸெவிட்ஸ்கிக்குக் கடிதம் எழுதினார். எடுத்த எடுப்பிலேயே, தனக்கு இரண்டு குறைகள், ஒன்று பெண், இன்னொன்று தன் நரம்பில் ஓடும் கறுப்பின ரத்தம் என்று சொல்லிவிட்டு, அதையெல்லாம் மறந்து இசையை மட்டும் பாருங்கள் என்று கேட்கிறார். கூஸெவிட்ஸ்கி அவர் இசையைக் கச்சேரியில் சேர்க்கவே இல்லை. 1953-இல் பிரைஸ் இறந்தார், பெயர் மெல்ல மறைந்தது. 2009-இல் சிகாகோவுக்குத் தெற்கே செயின்ட் ஆன் என்ற சிற்றூரில் ஒரு தம்பதி பழுது பார்க்கப் பாழடைந்த வீட்டைத் திறந்தார்கள். மரம் விழுந்து கூரையில் ஓட்டை. நனையாத மூலையில் காகிதக் கட்டுகள். எல்லாவற்றிலும் ஒரே பெயர். பிரைஸ் கோடைக்காலத்தில் தங்கிய வீடு அது. இரண்டு வயலின் கான்செர்ட்டோவும் (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு வாத்தியம் தனித்து வாசிக்கும் படைப்பு) நான்காம் சிம்பொனியும் அந்தக் கட்டுகளில் கிடைத்தன. ஓட்டை இரண்டடி தள்ளி விழுந்திருந்தால்?

ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா பதிவு செய்த அவருடைய முதல், மூன்றாம் சிம்பொனிகளுக்கு 2022-இல் கிராமி விருது கிடைத்தது.

ஓபராவில் முகத்தில் கறுப்புச் சாயம் பூசுவது இன்னும் உண்டா?

குறைந்துவிட்டது, ஒழியவில்லை. ஒத்தெல்லோ வேஷத்துக்குச் சாயம் பூசுவதை மெட்ரோபாலிட்டன் ஓபரா கைவிட்டது 2015-இல்தான். 2022-இல் இத்தாலியின் வெரோனா அரங்கில் வெர்டியின் ஓபராவில் வரும் எத்தியோப்பிய இளவரசி ஐதாவின் வேஷத்துக்குச் சாயம் பூசியதைப் பார்த்து, அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ஏஞ்சல் ப்ளூ அங்கே பாடவிருந்த வேறொரு ஓபராவிலிருந்து விலகினார். பாரம்பரியம் என்று அரங்கம் வாதாடியது. நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம். சிவப்பான நாயகிக்கு மாநிறச் சாயம் பூசிக் 'கிராமத்துப் பெண்' ஆக்கும் சினிமா நம்முடையது.

'போர்கி அண்ட் பெஸ்' கறுப்பினப் பாடகர்களுக்கு வாய்ப்பா, கூண்டா?

இரண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் 1935-இல் கறுப்பினத்தவர் வாழ்க்கையை வைத்து எழுதிய இந்த ஓபராவில் கறுப்பினப் பாடகர்களே பாட வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அதனால் பல தலைமுறைகளுக்குச் சம்பளம் கிடைத்தது. ஒருமுறை போர்கி பாடினால் பிறகு போர்கிக்கு மட்டுமே கூப்பிடுவார்கள் என்பது இன்னொரு பக்கம். 2019-இல் ஹங்கேரி அரசு ஓபரா தன் வெள்ளைப் பாடகர்களை, ஆப்பிரிக்க அமெரிக்க அடையாளம் தங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி நிபந்தனையைக் கேலிக்கூத்தாக்கியது. கறுப்பினத்தவர் ஒருவர் இயற்றிய ஓபரா மெட்ரோபாலிட்டனில் முதன்முதலாக மேடையேறியது 2021-இல், டெரன்ஸ் பிளான்சர்டுடையது. அரங்கம் தொடங்கி 138 வருஷம் ஆகியிருந்தது.

ஆசியர்கள்தான் நிறைய இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன குறை?

மேலே சொன்ன 2023 கணக்கில் ஆசியர் சுமார் 11 சதவீதம். ஜப்பானியக் கண்டக்டர் சேய்ஜி ஒசாவா பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு 1973 முதல் 2002 வரை தலைமை வகித்தார். பம்பாய்ப் பார்சி சுபின் மேத்தா லாஸ் ஏஞ்சலஸ் ஆர்கெஸ்ட்ராவை 16 வருஷமும் நியூயார்க் ஆர்கெஸ்ட்ராவை 13 வருஷமும் ஆண்டார். ஆகவே கதவு வேறு மாதிரி. உள்ளே விடுவார்கள், பிறகு 'விரல் வேகம் பிரமாதம், ஆனால் ஆன்மா இல்லை' என்பார்கள். 2021-இல் ஜூலியார்ட் பள்ளியின் இணையவழிப் பயிற்சியில் ஒரு மூத்த வயலின் கலைஞர் ஆசியப் பிள்ளைகளிடம், கொரியர்கள் பாடுவதில்லை, அது உங்கள் ரத்தத்தில் இல்லை என்கிற பாணியில் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். கொரியாவில் தடுக்கி விழுந்தால் ஒரு பாடகர் மேல்தான் விழ வேண்டும்.

தமிழர், இலங்கையர் யாராவது இருக்கிறார்களா? இளையராஜா இதில் சேர்த்தியா?

இலங்கை வம்சாவளி அமெரிக்க டெனர் ஷான் பணிக்கர் பெரிய மேடைகளில் பாடுகிறார். 2018-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிலிப் கிளாஸின் ஓபராவில் காந்தியாக, சமஸ்கிருதத்தில் பாடினார். அதே வருஷம் சால்ஸ்பர்கில் கிரேக்கக் கடவுள் டயனைசஸ். இரண்டாவதுதான் எனக்கு அதிகச் சந்தோஷம். காந்திக்கு நம் ஆளைக் கூப்பிடுவார்கள், டயனைசஸுக்குக் குரலைத்தான் கூப்பிட வேண்டும். செல்லோவில் ரோஹன் டி சரம், இலங்கைக் குடும்பம், ஆர்டிட்டி நால்வர் குழுவில் 1979 முதல் 2005 வரை வாசித்தவர்.

இளையராஜா 1993-இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு பதிவு செய்த சிம்பொனி வெளிவரவே இல்லை. 'வேலியன்ட்' என்ற சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது. நம் வீட்டுக் கல்யாணம் மாதிரி நாமெல்லாம் கொண்டாடினோம். சரி, அடுத்தது என்ன? ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று யாரும் கேட்காமல், தன் வழக்கமான சீசனில், பிராம்ஸுக்கும் த்வோர்ஷாக்குக்கும் நடுவே அதை எடுத்து வாசிக்க வேண்டும். முதல் கச்சேரியைவிட இரண்டாம் கச்சேரி கிடைப்பதுதான் கஷ்டம் என்பது ஃப்ளாரன்ஸ் பிரைஸ் விஷயத்தில் பார்த்ததுதானே.

'இசைக்கு நிறம் ஏது?' என்கிறார்களே?

இசைக்கு இல்லை. வாடகை ஒப்பந்தத்துக்கு இருந்தது, ஹோட்டல் ரிசப்ஷனுக்கு இருந்தது, போன் டைரிக்கு இருந்தது.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பிரைஸின் முதல் சிம்பொனி, மூன்றாம் பகுதி. நான்கு நிமிஷம் கூட ஆகாது. பிறகு லியோன்டின் பிரைஸ் (ஃப்ளாரன்ஸுக்கு உறவில்லை) பாடிய ஐதா, நைல் நதிக்கரைப் பாட்டு. 1985-இல் அவர் மெட்ரோபாலிட்டனிலிருந்து விடைபெற்ற இரவின் வீடியோ கிடைக்கும். பாட்டு முடிந்ததும் கைதட்டல் நிற்கவே நிற்காது, அவர் முகத்தை மட்டும் பாருங்கள். சான்-ஜார்ஜின் வயலின் கான்செர்ட்டோக்களை வேலை செய்துகொண்டே கேட்கலாம்.

கடைசியாக அந்த 'க்ராய்ட்ஸர் சொனாட்டா'. முதலில் பியானோ இல்லாமல் வயலின் மட்டும் தனியாக வரும். அப்புறம் வேகம் பிடிக்கும். பிடித்த கொஞ்ச நேரத்தில் பியானோ தனியாக ஓர் அலைபோல ஏறி இறங்கும். அன்று காலை வியன்னாவில் பீத்தோவன் அதை வாசித்ததும், எழுதியதில் இல்லாத ஒன்றைப் பிரிட்ஜ்டவர் சேர்த்தார். அந்த அலையை வயலினில் அப்படியே திருப்பி வாசித்துக் காட்டினார். பீத்தோவன் பியானோவை விட்டுத் துள்ளி எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு, 'இன்னொரு தரம், என் அருமைப் பையா!' என்றாராம். அந்த இடத்தை இரண்டு தடவை போட்டுக் கேளுங்கள்.